வின்கிரிஸ்டினை இனி சிரிஞ்சில் அனுப்பாதீர்கள்

ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும், அங்கே மருந்தகத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், புற்றுநோய் மருத்துவர் சங்கங்களில் பதவியில் இருப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் கீமோ வார்டில் வேலை பார்க்கும் செவிலியர். சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தை சிரிஞ்சில் நிரப்பி வார்டுக்கு அனுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சின்ன சலைன் பையில் கலந்து அனுப்புங்கள், ரத்தக்குழாயில் போக வேண்டிய அது தவறிப்போய் முதுகு ஊசியில் ஏறாமல் இருக்க. பெரியவர்களுக்கு 50 மில்லி பை போதும். இதற்குப் புதுக் கட்டடமோ புது இயந்திரமோ தேவையில்லை, யாரையும் வெளியூருக்குப் பயிற்சிக்கு அனுப்பவும் வேண்டாம், மனசு வைத்தால் இந்த வாரமே ஆரம்பித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2007 ஜூலையிலேயே எல்லா நாடுகளுக்கும் இதைச் சொல்லி எச்சரிக்கை அனுப்பிவிட்டது. அப்புறமும் ஏன் பல இடங்களில் டிரேயில் சிரிஞ்சு வந்து நிற்கிறது என்பதுதான் என் கேள்வி.

மருந்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்த மருந்து இது. கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தச் செடியின் இலையில் சர்க்கரை நோய்க்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடப்போய், அது ரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அதிலிருந்து முதலில் வின்பிளாஸ்டின் வந்தது, பிறகு அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினும் பிரித்தெடுக்கப்பட்டது. 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அறுபது வருடம் தாண்டியும் குழந்தைகளுக்கு வரும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு அது இல்லாமல் சிகிச்சை இல்லை, லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துத் திட்டத்திலும் அது உண்டு. ஒரு காலத்தில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளையும் கொண்டுபோன நோயில், இன்று நல்ல வசதியுள்ள இடங்களில் பத்துக்கு ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்றால் அதில் இந்த மருந்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. முடி கொட்டுவதைத் தவிர்க்க முடியாது என்றாலும், மற்ற கீமோக்களைப் போல ரத்த அணுக்களை அதிகம் இறக்கிவிடாது, வாந்தியும் பெரிதாக வராது, அதனாலேயே வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க வசதியாக இருக்கிறது. வார்டில் இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் குறைவு. அந்தப் பழக்கம்தான் என்னைக் கொஞ்சம் பயமுறுத்துகிறது.

ஏனென்றால் இந்த மருந்து போக வேண்டிய வழி ஒன்றே ஒன்று, ரத்தக்குழாய். தசையில் போடக் கூடாது, தோலுக்கடியில் போடக் கூடாது, முதுகுத்தண்டு நீரில் போட்டால் ஆள் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், நிர்வாகத்தில் இருப்பவர்கள் எல்லோரும் மருத்துவம் படித்தவர்களாக இருக்க வேண்டும் என்று இல்லையே. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பாதிக்குப் பாதி இழுத்துப் பிரிக்க, டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழாய்கள் உருவாகும். வின்கிரிஸ்டின் அந்த டியூபுலினைப் பிடித்துக்கொள்கிறது, குழாய் கட்டப்படுவதில்லை, செல் பாதி வழியிலேயே நின்று சாகிறது. வேகமாகப் பிரியும் லுக்கேமியா செல்லுக்கு இது எமன். ஆனால் நரம்பு செல்லுக்கும் அதே நுண்குழாய்கள் வேண்டும், பிரிவதற்காக இல்லை, முதுகிலிருந்து கால்விரல் வரை நீண்டு கிடக்கும் அதன் இழைக்குள்ளே சத்துகளும் சமிக்ஞைப் பொருள்களும் அந்தக் குழாய்களைத் தண்டவாளம் போலப் பிடித்துக்கொண்டுதான் போய்வர வேண்டும். கைவிரல் மரத்துப்போவது, பாதம் தொங்குவது, குடல் அசையாமல் நின்றுவிடுவது எல்லாம் இதனால்தான். ரத்தத்தில் ஏற்றும்போது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இருக்கும் இயற்கையான தடுப்பு இந்த மருந்தைப் பெரும்பாலும் உள்ளே விடுவதில்லை, அதனால் கை கால் நரம்புகளோடு பாதிப்பு நிற்கிறது. நேரடியாகத் தண்டுவட நீருக்குள் செலுத்திவிட்டால் தடுப்பு என்ற ஒன்றே இல்லை.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ரத்தத்தில் ஏற்றும் கீமோ மூளைப் பக்கம் போகாது என்பதாலேயே, லுக்கேமியா செல்கள் அங்கே போய் ஒளிந்துகொள்ளாமல் இருக்க முதுகில் ஊசி போட்டு மெத்தோட்ரெக்ஸேட், சைட்டராபின், ஹைட்ரோகார்டிசோன் இவற்றைக் கொடுக்கிறோம். ஆக, அதே நோயாளிக்கு, அதே சிகிச்சைத் திட்டத்தில், பல சமயம் அதே நாளில், முதுகில் போக வேண்டிய ஒரு சிரிஞ்சும் கையில் போக வேண்டிய ஒரு சிரிஞ்சும் இருக்கும். இரண்டும் சின்னது. இரண்டிலும் சில மில்லி மருந்து. இரண்டின் முனையும் ஒரே லூயர் வகை, எந்த ஊசியிலும் போய் உட்காரும். நிறத்தைப் பார்த்தாலே தெரியாதா என்று கேட்பார்கள். மெத்தோட்ரெக்ஸேட் மஞ்சளாக இருக்கும், அது தெரியும். சைட்டராபினும் தண்ணீர் மாதிரி, வின்கிரிஸ்டினும் தண்ணீர் மாதிரி. டிரேயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்களே ஒரு தடவை பாருங்கள். லேபிளை மறைத்துக்கொண்டு எது எது என்று என்னிடம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, உங்கள் வார்டில் எத்தனை வருட அனுபவம் உள்ளவரைக் கேட்டாலும் அப்படித்தான்.

2001 ஜனவரியில் இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நடந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். லுக்கேமியா கட்டுக்குள் வந்து, தொடர் சிகிச்சையில் இருந்த 18 வயதுப் பையன். முதுகில் சைட்டராபின் போட வேண்டும், வின்கிரிஸ்டின் கையில். இரண்டையும் ஒரே நாளில் வைக்கக் கூடாது என்ற ஏற்பாடு அங்கேயே இருந்திருக்கிறது, ஆனாலும் அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே வார்டுக்கு வந்துவிட்டன. பெரிய மருத்துவர் நோயாளியின் பெயரைப் படித்தார், மருந்தின் பெயரைப் படித்தார், அளவைப் படித்தார், எந்த வழியில் போட வேண்டும் என்பதை மட்டும் படிக்கவில்லை. சின்ன மருத்துவருக்குச் சந்தேகம் வந்து, வின்கிரிஸ்டினா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். முதுகிலா என்றும் கேட்டார். அதற்கும் ஆமாம் என்றே பதில் வந்தது. ஊசி போனது. பையன் ஏறத்தாழ ஒரு மாதம் உயிரோடு போராடிவிட்டு இறந்தான். பேராசிரியர் பிரையன் டாஃப்ட் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை அதே வருடம் வெளியானது, அந்த மருத்துவர்மேல் வழக்கும் நடந்தது. வேதனை என்னவென்றால், அதற்கு முந்தைய வருடம்தான் இந்த மாதிரி முதுகு ஊசித் தவறுகளை 2001 முடிவதற்குள் அறவே ஒழிப்போம் என்று அந்த நாட்டு சுகாதாரத் துறை இலக்கே வைத்திருந்தது.

இந்த நிகழ்வை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் பாதுகாப்பு என்று நம்பும் ஒவ்வொன்றும் அன்றைக்கு அங்கே இருந்தது. லேபிள் இருந்தது, விதி இருந்தது, இரண்டு மருத்துவர்கள் இருந்தார்கள், உரக்கப் படித்தார்கள், சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்ட ஒருவர்கூட இருந்தார். அத்தனையையும் தாண்டி அந்த சிரிஞ்சு முதுகு ஊசியில் போய்ப் பொருந்தியது, ஏனென்றால் பொருந்தும்படிதான் அது செய்யப்பட்டிருந்தது.

அதனால்தான் 'எங்கள் ஊழியர்களுக்கு நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறோம்', 'டபுள் செக் கட்டாயம்' என்று கூட்டங்களில் சொல்லும்போது எனக்குத் திருப்தி வருவதில்லை. டபுள் செக் எப்படி நடக்கும் என்று வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒருவர் படிப்பார், இன்னொருவர் காதில் வாங்கிக்கொண்டே அடுத்த நோயாளியின் டிரிப்பைப் பார்ப்பார், 'சரி சரி' என்று கையெழுத்து விழும். யாரும் அலட்சியக்காரர்கள் இல்லை, ஆள் குறைவு, வேலை அதிகம், முதுகு ஊசிக்கு மயக்கம் கொடுத்த குழந்தை மேசையில் படுத்திருக்கும், மயக்க மருத்துவருக்கு அடுத்த கேஸ் காத்திருக்கும். 'குழந்தை மயக்கத்தில் இருக்கும்போதே வின்கிரிஸ்டினையும் கொடுத்துவிடலாமே, இன்னொரு தடவை அழ வேண்டாமே' என்று நல்ல மனசோடு ஒருவர் சொல்வார். அந்த நல்ல மனசில்தான் இரண்டு சிரிஞ்சும் ஒரே அறைக்குள் வந்து சேர்கின்றன.

பையில் கலந்துவிட்டால் என்ன ஆகிறது? 50 மில்லி திரவத்தை யாரும் முதுகில் செலுத்த மாட்டார்கள். முதுகு ஊசிக்குத் தயாராகி, கையுறை போட்டு, உட்கார்ந்திருக்கும் மருத்துவரிடம் ஒரு சலைன் பையையும் டிரிப் குழாயையும் நீட்டினால் அவரே நிமிர்ந்து பார்ப்பார். எழுத்தைப் படிக்க வேண்டிய அவசியமே வராது, உருவமே நிறுத்திவிடும். களைத்துப்போனவரையும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரையும் அது ஒரே மாதிரி நிறுத்தும், அதுதான் இதன் அழகு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2007 எச்சரிக்கை ஹாங்காங்கில் ஓர் இளம்பெண் இதே தவறால் இறந்ததை ஒட்டி வந்தது. 1968 முதல் அதுவரை பதிவாகியிருந்த இப்படிப்பட்ட நிகழ்வுகள் 55 என்று அதில் இருக்கிறது. பதிவானவை மட்டும் அவ்வளவு. வெளியே சொல்லாமல் மூடியவை எந்தக் கணக்கிலும் வராது, அதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த வருடமே இங்கிலாந்தின் நோயாளிப் பாதுகாப்பு முகமை, பெரியவர்களுக்கு இந்த வகை மருந்துகளை 50 மில்லி பையில்தான் தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. அமெரிக்காவில் மருந்துப் பாதுகாப்புக்கென்றே இயங்கும் ஐஎஸ்எம்பி என்ற அமைப்பு 2014-இல் மருத்துவமனைகளுக்குச் சொன்ன சிறந்த நடைமுறைகளில் முதலாவதாக வைத்தது இதைத்தான். பின்னர் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ-வும் மருந்தின் குறிப்பேட்டிலிருந்து சிரிஞ்சில் கொடுக்கும் முறையையே எடுத்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு 'நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறோம்' என்றால், என்னத்தை யோசிக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

சரி, மறுப்பு என்ன என்று பார்ப்போம். பெரும்பாலும் வரும் மறுப்பு ஒன்றுதான், 'டிரிப்பில் விட்டால் மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்துவிடும், சிரிஞ்சில் என்றால் கையில் கட்டுப்பாடு இருக்கும்.' இந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். வின்கிரிஸ்டின் திசுவைப் புண்ணாக்கும் மருந்து, வெளியே கசிந்தால் தோல் சிவந்து, கொப்பளித்து, வெந்துபோகும், சில சமயம் தோல் ஒட்டு அறுவை வரைக்கும் போகும். ஆனால் கசிந்தால் சமாளிக்க வழி இருக்கிறது, முதுகில் போய்விட்டால் வழியே கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும். உடனே கண்டுபிடித்து, தண்டுவட நீரை வடித்து, திரும்பத் திரும்பக் கழுவிப் பிழைக்கவைத்த சிலர் இருக்கிறார்கள், அவர்களும் பெரும்பாலும் கை கால் செயலிழந்துதான் பிழைத்தார்கள். இந்த இரண்டு ஆபத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அதோடு, டிரிப்பில் கசிவைத் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது. பை முழுவதும் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். பெரிய ரத்தக்குழாய்க்குள் ஏற்கெனவே வைத்த போர்ட்டோ பிக் லைனோ இருந்தால் அதில் கொடுங்கள். கையில் கேனுலா (ரத்தக்குழாய்க்குள் வைக்கும் சின்னக் குழாய்) என்றால் முன்கையில் நல்ல ரத்தக்குழாயாகப் பார்த்துப் புதிதாகப் போட்டது வேண்டும். மணிக்கட்டு, முழங்கை மடிப்பு வேண்டாம், முந்தின நாள் போட்டு வீங்கிக் கிடக்கும் கேனுலாவைத் தொடவே வேண்டாம். முதலில் வெறும் சலைன் விட்டு, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்து, பிறகு மருந்தைத் திறப்பது. கையில் போட்ட கேனுலாவுக்கு பம்ப் மாட்டக் கூடாது, கசிந்தாலும் பம்ப் அழுத்தித் தள்ளிக்கொண்டே இருக்கும், தானாக இறங்கட்டும். அந்தப் பத்து நிமிடமும் செவிலியர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், இடையில் ரத்தம் வருகிறதா என்று திரும்பப் பார்க்க வேண்டும், 'எரியுதா, குத்துதா' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பேசத் தெரியாத குழந்தை என்றால் கையை மூடி வைக்காமல், போர்வையை விலக்கி, ஊசி ஏறிய இடம் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். பிளாஸ்டரைக் கட்டுக்கட்டாய்ச் சுற்றி ஒளித்துவைத்த கேனுலாவில் இந்த மருந்தைக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன், சொன்னால் கேட்க மாட்டார்கள்.

கசிந்துவிட்டால் கேனுலாவை அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது. மருந்தை நிறுத்திவிட்டு, அதே கேனுலா வழியாக உள்ளே நின்றதை உறிஞ்சி எடுத்து, ஹயலூரோனிடேஸ் ஊசி போட்டு, வெதுவெதுப்பான ஒத்தடம். வெதுவெதுப்பு என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் டாக்ஸோரூபிசின் என்ற இன்னொரு கீமோ மருந்து கசிந்தால் ஐஸ் வைக்க வேண்டும், இரண்டு மருந்தும் ஒரே திட்டத்தில் வருவதால் இரவுப் பணியில் இருப்பவர் பழக்கத்தில் இதற்கும் ஐஸ் கட்டியை எடுத்துவிடுவார். எந்த மருந்துக்கு எது என்று பெரிய எழுத்தில் டிராலியிலேயே ஒட்டிவையுங்கள், ஹயலூரோனிடேஸை ஃபார்மசிக்குள் பூட்டிவைக்காமல் வார்டில் வையுங்கள்.

இன்னொரு மறுப்பு, சின்னக் குழந்தைகளுக்கு அவ்வளவு திரவம் எதற்கு என்பது. குழந்தைகளுக்குப் பையின் அளவைக் குறைத்துக்கொண்டு, முறையை மாற்றாமல் செய்யும் மருத்துவமனைகள் இருக்கின்றன. அளவு உங்கள் மருத்துவர்களின் முடிவு, சிரிஞ்சுக்குத் திரும்ப வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். 'எங்கள் இடத்தில் இதுவரை அப்படி ஒன்றும் நடந்ததில்லை' என்ற பதிலுக்கு நான் மறுமொழி சொல்லப்போவதில்லை. நடந்த இடங்களிலும் அதற்கு முந்தின நாள் வரை நடந்ததில்லை.

முதுகு ஊசிப் பக்கத்தையும் மாற்ற வேண்டும். ஐஎஸ்ஓ 80369-6 என்ற தரத்தின்படி முதுகு ஊசிக்கென்றே தனி இணைப்பு முனை 2016-இல் வந்துவிட்டது, என்ஆர்ஃபிட் என்று சொல்கிறார்கள். வழக்கமான லூயர் முனையைவிட அது சுமார் 20 சதவீதம் சிறியது, சாதாரண சிரிஞ்சு அதில் பொருந்தாது. அது செலவுள்ள மாற்றம், கொள்முதல், டெண்டர் என்று இழுக்கும், தெரியும். வாங்கும்போது வாங்குங்கள். அதைக் காரணம் காட்டிப் பையைத் தள்ளிப்போடாதீர்கள், பைக்கு எந்த டெண்டரும் தேவையில்லை.

இங்கிலாந்தில் நாட்டிங்காம் நிகழ்வுக்குப் பிறகு, பயிற்சி முடித்துப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் முதுகில் கீமோ போடலாம், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போடலாம் என்று தேசிய விதியாகவே கொண்டுவந்தார்கள். இது நம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். முதுகு மருந்தும் கை மருந்தும் ஒரே டப்பாவில், ஒரே ஆள் கையில், ஒரே நேரத்தில் ஃபார்மசியை விட்டுக் கிளம்பக் கூடாது. ஒன்று முடிந்தது என்று கையெழுத்தோடு தகவல் வந்த பிறகு மற்றது கிளம்பட்டும். லேபிளில், 'ரத்தக்குழாயில் மட்டும் போடவும், வேறு வழியில் போட்டால் உயிர் போகும்' என்று இருக்க வேண்டும். 'முதுகில் போடாதீர்கள்' என்று எழுத வேண்டாம், அவசரத்தில் படிக்கும் கண்ணுக்கு 'முதுகில்' மட்டும் தெரிந்து தொலைக்கும்.

இதைச் சொல்லும்போது வின்கிரிஸ்டினுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வின்பிளாஸ்டின், வினோரெல்பின், வின்டெசின் எல்லாம் இதே குடும்பம், இதே ஆபத்து. மயலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்டிசோமிப் வேறு குடும்பம், ஆனால் அதையும் முதுகில் போட்டு மூன்று பேர் இறந்ததாக 2012-இல் ஐரோப்பிய மருந்து முகமை எச்சரித்தது. பேர் குழப்பம் வேறு இருக்கிறது, வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் பட்டியலில் அடுத்தடுத்து வரும், அளவோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் இரண்டையும் ஒரே தட்டில் அடுக்குகிறார்கள். வேறு வேறு தட்டில் வைக்கச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது.

பை வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. வார்டில் தினமும் நடக்கும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் இந்த மருந்து நோயாளிகளை அதிகம் படுத்துகிறது. பெரியவர்களுக்கு உடல் பரப்பளவுக்குச் சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டாலும், பொதுவாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போக மாட்டார்கள். கணினியில் ஆர்டர் போடும் இடத்தில் அந்த உச்ச வரம்பு தானாகத் தடுக்கும்படி இருக்க வேண்டும், ஞாபகத்தை நம்பக் கூடாது. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் கல்லீரல்தான் இதை வெளியேற்றுகிறது. அதனால் மருந்து தயாராகும் முன் அன்றைய ரத்தப் பரிசோதனை முடிவு மருந்தாளுநர் கண்ணில் பட வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வரவைப்பது பூஞ்சை மருந்து விவகாரம். காய்ச்சல் விடாத லுக்கேமியா நோயாளிக்கு இட்ராகொனஸோல், வோரிகொனஸோல், போஸகொனஸோல் இவற்றில் ஒன்றை இன்னொரு பிரிவு மருத்துவர் வந்து எழுதிவிட்டுப் போவார், அவர் பார்வையில் அது சரிதான். ஆனால் வின்கிரிஸ்டினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை இவை முடக்கிவிடும், வழக்கமான அளவே விஷ அளவாகிவிடும். குடல் நின்றுபோய் வயிறு கல் மாதிரி உப்பும், ரத்தத்தில் சோடியம் இறங்கும், வலிப்பு வரும். கேஸ் ஷீட்டில் ஒரு பக்கத்தில் கீமோ, மூன்று பக்கம் தள்ளிப் பூஞ்சை மருந்து, இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க யாருக்கும் நேரமில்லை. மருந்தாளுநர் வார்டு ரவுண்ட்ஸில் இருந்தால் பிடித்துவிடுவார். அவரை அடித்தளத்தில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, ஏன் பிடிக்கவில்லை என்று அப்புறம் கேட்பதில் அர்த்தம் இல்லை.

மலச்சிக்கலுக்கு முதல் நாளே மருந்து எழுதுங்கள், நாலு நாள் போகாத பிறகு எழுதுவதில் பயனில்லை. எனிமா கொடுக்கலாமா என்று வீட்டில் கேட்பார்கள், அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் ஆசனவாய் வழியாக எதுவும் வேண்டாம் என்று கிளம்பும்போதே சொல்லி அனுப்ப வேண்டும். நரம்புப் பாதிப்பைக் கண்டுபிடிக்கப் பெரிய பரிசோதனை எதுவும் தேவையில்லை. அடுத்த டோஸுக்கு வரும்போது, குதிகாலில் நடக்கச் சொல்லுங்கள், சட்டைப் பட்டன் போடச் சொல்லுங்கள். பாதம் தொப்பென்று தரையில் அடித்தால், தாடை வலிக்கிறது என்றால், குரல் கம்மியிருந்தால் மருத்துவரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் பையைத் திறக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது பாதம் வளைந்து, கால் மெலிந்து போகும் பரம்பரை நரம்பு நோய் இருக்கிறதா என்று முதல் டோஸுக்கு முன்பே கேட்டாக வேண்டும். சார்கோ-மாரி-டூத் என்ற அந்த நோய் உள்ளவருக்கு இந்த மருந்து கொடுத்தால் சீக்கிரத்திலேயே கால் செயலிழந்துவிடும். கேட்பதற்கு ஒரு வரி போதும், சேர்க்கைப் படிவத்தில் அந்த வரியைச் சேருங்கள்.

நோயாளியிடமும் பெற்றோரிடமும் இதைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று ஒரு கருத்து இருக்கிறது. என் அனுபவத்தில் பயப்படுவதைவிடக் கேள்வி கேட்கிறார்கள். அம்மாக்கள் மருந்துப் பெயர்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார்கள், எந்தக் கையில் எந்தத் தேதியில் ஊசி போட்டது என்பது வரை அதில் இருக்கும். 'அக்கா, இது கையில போற மருந்துதானே?' என்று அவர்கள் கேட்கட்டும். கேட்டால் முறைக்காமல் லேபிளைத் திருப்பிக் காட்டுங்கள். அப்படிக் கேட்பதை ஒழுங்கீனமாக நினைக்கும் வார்டுகளில்தான் சின்ன மருத்துவர்களும் சந்தேகத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

இனி நான் கேட்பதை நேரடியாகவே வைக்கிறேன். மருந்தகப் பொறுப்பாளர்களே, வின்கிரிஸ்டின் ஆர்டரில் சிரிஞ்சு என்ற தேர்வையே எடுத்துவிடுங்கள். அது திரையில் இருக்கும்வரை யாராவது அழுத்துவார்கள். சங்கத்தில் இருப்பவர்களே, உங்கள் சிகிச்சை வழிகாட்டிகளில் மருந்தின் பெயர், அளவு, நாள் என்று அச்சிடும்போது அதே வரியில் 'பையில், ரத்தக்குழாயில்' என்றும் போடுங்கள், பயிற்சி மருத்துவர்கள் அந்த அட்டவணையைத்தான் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நிர்வாகிகளே, சிரிஞ்சில் வரும் வின்கிரிஸ்டினை வாங்காமல் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை வார்டு செவிலியருக்கு எழுத்தில் கொடுங்கள், யார் போன் செய்து சத்தம் போட்டாலும் அதற்காக அவர் மேல் நடவடிக்கை வராது என்பதையும் அதே தாளில் சேருங்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, இரவு இரண்டு மணிக்கு வாய்மொழி உத்தரவுக்கு மதிப்பில்லை.

எந்தத் தேதியிலிருந்து, யார் கையெழுத்தில் என்று குறிப்பிட்டு அந்த ஆணையை மருந்து தயாரிக்கும் அறையிலும் முதுகு ஊசி போடும் அறையிலும் ஒட்டச் சொல்லுங்கள். இந்த மடலுக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கீமோ வார்டு செவிலியர் ஒருவர்